விற்காத காரும் வாங்குவோர் கணக்கும்

சாயங்காலச் சந்தையில் மீன் விலை இறங்குவது ஏன் என்பது யாவரும் அறிந்ததே. மிஞ்சிய மீன் மறுநாளைக்குத் தாங்காது. ஆகையால் வியாபாரி வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். கார் அப்படி நாறுவதில்லை. மூன்று மாதம் கடையில் நின்றாலும் பளபளப்பாகவே நிற்கிறது. ஆனால் அதுவும் நாளுக்கு நாள் பழசாகிறது, கடைக்காரருக்கு நாளுக்கு நாள் செலவும் வைக்கிறது. நம்மவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. கார்க் கடைகளில் சரக்குத் தேங்கியிருக்கும் காலத்தில் கார் வாங்க எண்ணும் அன்பர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதே இப்பாடம்.

கடையில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் கடைக்காரரின் கைமுதலில் வந்தவையல்ல. வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்த கடனில் வந்தவை. வண்டி விற்கும் வரை அக்கடனுக்குரிய செலவு ஓடிக்கொண்டே இருக்கும். இட வாடகையும் உண்டு. இதற்குமேல், மாதத்துக்கு இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று தயாரிப்பாளர் வைக்கும் இலக்கு வேறு. மாதக் கடைசியிலும் ஆண்டுக் கடைசியிலும் கடைக்காரர் இளகுவதற்குக் காரணம் இதுவே. அமெரிக்க வியாபாரிகள் சரக்கை நாட்கணக்கிலேயே சொல்வார்கள்: இப்போதைய வேகத்தில் விற்றால் இருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று. ஏறக்குறைய 60 நாள் இருப்பை அங்கே நெடுங்காலமாகச் சாதாரண அளவாகக் கருதிவந்தனர். அதற்கு வெகுவாக மேலே போனால் தேக்கம் என்று பொருள்.

தேக்கம் வந்ததும் விளம்பரம் வரும். விளம்பரத்தில் சொல்லும் தள்ளுபடி வேறு, உண்மையில் நாம் கொடுக்கும் விலை வேறு என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2005 ஜூன் மாதத்தில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தேங்கிய கார்களைத் தீர்ப்பதற்காக, தன் தொழிலாளர்க்குக் கொடுக்கும் விலையை எல்லோருக்கும் கொடுப்பதாக அறிவித்தது. போர்டும் கிரைஸ்லரும் அடுத்த மாதமே பின்தொடர்ந்தன. மக்கள் கடைகளில் வந்து குவிந்தனர். பிற்பாடு ஆய்வாளர் மூவர் அக்காலத்து விற்பனைக் கணக்குகளை எடுத்துப் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். பல மாடல்களுக்கு, அந்த அறிவிப்புக்கு முன்பு பேரம் பேசி வாங்கியவர்கள் கொடுத்த விலையே குறைவாக இருந்ததாம்! ‘தொழிலாளர் விலை’ என்ற பெயரைக் கேட்டதும், இதற்குமேல் குறையாது என்று எண்ணி ஜனங்கள் பேரத்தை விட்டுவிட்டார்கள். விளம்பரத்தைப் படித்த பின்புதான் பேரம் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் வாகன உரிமைப் பத்திரத்தில் தயாரித்த ஆண்டு என்று ஓர் இடம் இருக்கிறது. பதிவு செய்த தேதி வேறு, இது வேறு. நவம்பரில் தயாரான வண்டியை பிப்ரவரியில் புதிதாகவே வாங்கினாலும், பத்திரத்தில் அது சென்ற ஆண்டு வண்டிதான். பின்னாளில் விற்கப் போகும்போது பழைய கார் வியாபாரி முதலில் கேட்பது அந்த ஆண்டையே. ஆகவே, 80,000 வெள்ளி காரை, சென்ற ஆண்டுச் சரக்கு என்பதால் 77,000 வெள்ளிக்குக் கொடுக்கிறேன் என்றால் உடனே மகிழ வேண்டாம். அதே மாடலில் ஓராண்டு வித்தியாசமுள்ள இரு பழைய கார்களுக்குச் சந்தையில் எவ்வளவு விலை வித்தியாசம் என்று விசாரியுங்கள். அது 5,000 வெள்ளி என்றால், 3,000 தள்ளுபடி சலுகையே அன்று. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வைத்து ஓட்டும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய ஆண்டுச் சரக்கு நல்ல லாபமே. சிங்கப்பூரில் காரின் ஆயுளைப் பதிவுத் தேதியிலிருந்தே எண்ணுவதால் இக்கணக்கு அங்கே இவ்வளவு கடுமையாக இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. இலக்கை எட்டுவதற்காக, விற்காத காரைக் கடையின் பெயரிலேயே பதிவு செய்துவிட்டு, ஓடாத பழைய கார் என்று விற்பார்கள். சீனாவில் விலைப் போட்டி முற்றிய 2025 மே மாதத்தில், கிரேட் வால் நிறுவனத் தலைவர் வெய் ஜியான்ஜுன் இவ்வழக்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். எங்கே அத்தகைய வண்டி வாங்கினாலும் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். உத்தரவாதக் காலம் பதிவு நாளிலிருந்தே குறையத் தொடங்கியிருக்கக்கூடும். விலை அதற்கேற்பக் குறைந்திருந்தால் வாங்கலாம். புதுக் கார் விலையில் சில நூறு மட்டும் குறைத்தால் வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு தவணையில்தான் நேருகிறது. முன்பணம் 8,000 போக, 72,000 வெள்ளி கடனென்று வைத்துக்கொள்வோம். முழுக் கடன் தொகைக்கும் ஆண்டுதோறும் கணக்கிடும், நெடுங்காலமாக இங்கே வழங்கிவந்த நிலைவிகித முறைப்படி, 3 சதவிகிதத்தில் 9 ஆண்டுக்கு 19,440 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறோம். 3.5 சதவிகிதமானால் 22,680 வெள்ளி. வித்தியாசம் 3,240. அதாவது, கடையில் வாங்கிய 3,000 தள்ளுபடி, அரை சதவிகிதத்தில் போயே போய்விட்டது! அதே 3 சதவிகிதத்தில் 5 ஆண்டில் முடித்தால் 10,800 மட்டுமே. இஸ்லாமிய வங்கி முறையில் எடுப்போரும் இலாப விகிதத்தைக் கேட்டு, மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று இதேபோல் பார்த்துக்கொள்வது நல்லது. மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவோர் ஏராளம். விற்பனையாளரும் அந்த ஓர் எண்ணையே நம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் பிழைப்பு அது.

நெடுநாள் நின்ற வண்டியைக் கையோடு சோதித்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். நின்றே கிடந்தால் பேட்டரி பலமிழக்கும், பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பேட்டரியை மாற்றவும், பிரேக் எண்ணெயைப் புதிதாக ஊற்றவும் கேட்பதில் வெட்கமொன்றுமில்லை. விலையில் இனி இறங்க மாட்டேன் என்பவர்கூட இதற்குச் சம்மதிப்பதுண்டு.

சாலை வரி, காப்புறுதி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை இரண்டு கடைகளில் எழுத்தில் வாங்கி, தயாரித்த ஆண்டையும் அந்தத் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். முன்பதிவுப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பணம் கொடுக்குமுன் அதிலேயே எழுதச் செய்யுங்கள்.