தண்ணீர் ஊற்றியும் செடி வாடுவது ஏன்?

மாசி மாதத்தில் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் செண்டுமல்லியையும் பத்துமணிப் பூச்செடியையும் ஒரே பாத்தியில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். சித்திரை பிறப்பதற்குள் செண்டுமல்லி உயர்ந்து, தரையோடு படரும் பத்துமணிச் செடியை நிழலில் மூடிவிடும். பத்துமணிப் பூ நல்ல வெயில் பட்டால்தான் விரியும். ஆகவே, இரண்டில் ஒன்றை இடம் மாற்ற வேண்டும். எதை மாற்றுவது?

காலையில் செண்டுமல்லியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுப் பாருங்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் நண்பகலில் அது தலை சாய்ந்துவிடும். மண்ணில் ஈரம் இருக்கிறது. செடியோ நீரின்றி வாடுகிறது! இது விந்தையாக இல்லையா?

காரணம் வேரில் இருக்கிறது. வேர் நுனிக்குச் சற்று மேலே மெல்லிய வேர்த்தூவிகள் உள்ளன. ஒவ்வொரு தூவியும் ஒரே செல்லின் நீட்சியாகும். மண் துகள்களுக்கு இடையே நுழைந்து நீரை உறிஞ்சுபவை இவையே. செடியைப் பிடுங்கும்போது இவற்றில் பெரும்பாலானவை அறுந்து போகின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் வேர் முழுதாக இருந்தாலும் நீர் உறிஞ்சும் உறுப்பு போய்விட்டது.

இலைகளோ இலைத்துளைகள் வழியே நீரை ஆவியாக வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. இதுவே நீராவிப்போக்கு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் இதை அளந்து, 1727-இல் நூலாக வெளியிட்டார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியைக் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை மூடியிருந்தார். அந்தச் செடி சராசரியாக ஒரு பகலில் அரை கிலோவுக்கு மேல் நீரை இழந்தது. இரவில் இழந்தது மிகக் குறைவு.

வரவு குறைந்து செலவு குறையாவிட்டால் வாட்டம்தானே! எனவே நாற்றை மாலையில் நடுங்கள். முதலில் பாத்தியை நனைத்து, வேரைச் சுற்றியுள்ள மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் தென்னங்கீற்றால் நிழல் கொடுங்கள். அதற்குள் வேர் வளர்ந்து, புதிய தூவிகள் தோன்றத் தொடங்கும்.

இப்போது முதல் கேள்விக்கு விடை கூறலாம். வளர்ந்துவிட்ட செண்டுமல்லியைத் தொடாதீர்கள். பத்துமணிச் செடியை மாற்றுங்கள். அதன் பருத்த இலைகளிலும் தண்டிலும் நீர் சேமிப்பாக இருக்கிறது. விரல் நீளத் தண்டை ஒடித்து நட்டாலே அது வேர்விட்டுவிடும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே அளவுள்ள மூன்று செண்டுமல்லி நாற்றுகளை மாலையில் மூன்று தொட்டிகளில் நடுங்கள். முதலாவதை மண்கட்டியோடு நடுங்கள். மற்ற இரண்டையும் வேரிலுள்ள மண்ணை உதறிவிட்டு நடுங்கள். மூன்றிற்கும் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். முதல் இரண்டு வெயிலிலும், மூன்றாவது நிழலிலும் இருக்கட்டும். ஐந்து நாட்கள், காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 4 மணிக்கு அவற்றின் நிலையைக் குறித்து வாருங்கள்.

இரண்டாவது நாற்றும் மூன்றாவது நாற்றும் வேர்த்தூவிகளை இழந்தவைதாம். அவை ஒரே மாதிரி வாடுகின்றனவா? இல்லையென்றால் ஏன்? உங்கள் குறிப்பேடே விடை சொல்லும்.