எட்டாத ஊர்களுக்கு எட்டும் மருந்து

நமது நாட்டின் மலைப் பகுதிகளிலும் தீவுகளிலும் மருந்து கிடைக்காமைக்குக் காரணம் எப்போதும் பற்றாக்குறை அன்று. மாவட்டத் தலைநகரில் மருந்து இருக்கும்; மண்சரிவோ வெள்ளமோ பாதையை அடைத்துவிட்டால், அது ஆரம்ப சுகாதார நிலையத்தை உரிய நேரத்தில் சென்றடைவதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கவல்ல சாதனமாக, டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம் கருதப்படுகிறது.

சோதனைகள் காட்டுவன

2021 ஆகஸ்டில் புதிய டிரோன் விதிகள் வெளியிடப்பட்டு, அனுமதி முறைகள் எளிதாக்கப்பட்டன. அடுத்த மாதமே தெலங்கானாவின் விகாராபாத்தில் 'வானிலிருந்து மருந்து' என்னும் சோதனைத் திட்டம் தொடங்கிற்று. அக்டோபர் 4 அன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஏற்பாட்டில், மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குக் கோவிட் தடுப்பூசி மருந்து சென்றது. தரைவழியில் 26 கிலோமீட்டர். வான்வழியில் 15 கிலோமீட்டர். பயணம் 12 முதல் 15 நிமிடங்களில் முடிந்தது. 2023 பிப்ரவரியில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து டெஹ்ரி மாவட்ட மருத்துவமனைக்கு 2 கிலோ காசநோய் மருந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வான்வழியே, அரை மணி நேரத்தில் அனுப்பப்பட்டது.

எதை அனுப்புவது?

தொழில்நுட்பம் இயலும் என்பது இவற்றால் தெளிவாயிற்று. எஞ்சியிருப்பது பொருளாதாரக் கேள்வி. சிறு டிரோன் சுமப்பது சில கிலோ மட்டுமே. ஆதலால் மாதந்தோறும் தேவைப்படும் மாத்திரைகள், குளுக்கோஸ் புட்டிகள் போன்றவற்றை முன்கூட்டியே வாகனத்தில் அனுப்பி இருப்பு வைப்பதே சிக்கனம். எடை குறைந்தவை, எப்போது தேவைப்படும் எனக் கணிக்க இயலாதவை, விரைவில் கெடுபவை ஆகியனவே வான்வழிக்கு உரியவை.

இரத்தம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரத்தத் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாள்களே சேமிக்க இயலும். ஒவ்வொரு சிறு மருத்துவமனையிலும் எல்லா வகை இரத்தத்தையும் வைத்திருந்தால் பெரும்பகுதி வீணாகும். வைக்காவிடில் பிரசவத்தில் இரத்தப்போக்குக்கு ஆளாகும் தாயின் உயிர் போகும். ஒரே மையத்தில் இருப்பு வைத்து, கேட்டவுடன் அனுப்பினால் இவ்விரு இழப்புகளும் குறையும். ருவாண்டா நாடு 2016-இல் இம்முறையைத் தொடங்கியது. அங்கு காலாவதியாகும் இரத்தப் பொருள்கள் பன்னிரண்டு மாதங்களில் 67 விழுக்காடு குறைந்ததாக, 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே டிரோனின் பயனை விரைவால் மட்டுமன்றி, தவிர்க்கப்பட்ட விரயத்தாலும் மதிப்பிட வேண்டும். திரும்பும் பயணத்தில் சளி, இரத்த மாதிரிகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தால் ஒரு பயணத்தின் செலவு இரு பணிகளுக்குப் பங்கிடப்படும்.

உடன் வேண்டியவை

பெரும்பாலான தடுப்பூசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருத்தல் வேண்டும். கடுங்காற்றிலும் பெருமழையிலும் டிரோன் பறப்பது கடினம்; எனவே அவசர மருந்துகளின் சிறு இருப்பு அந்தந்த நிலையத்தில் தொடர்ந்து இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்திறங்கும் மருந்தைப் பெற்று நோயாளிக்குச் செலுத்தச் செவிலியர் ஒருவர் அங்கே இருத்தல் அவசியம். அவருடைய பணியிடம் காலியாக இருக்குமாயின், வானில் மிச்சமான நிமிடங்களால் நோயாளிக்குப் பயனில்லை. டிரோனுக்கான ஒதுக்கீடும் பணியிடங்களை நிரப்பும் முயற்சியும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக அமைதல் வேண்டும்.