வெற்றுத் தோட்டாவும் பித்தளையின் குணமும்

தேசிய மாணவர் படையில் சேர்ந்து, துப்பாக்கி சுடும் திடலுக்குச் சென்று வந்த நண்பர்களுக்கு ஒரு வழக்கம் நன்கு தெரிந்திருக்கும். சுட்டு முடிந்ததும், தரையில் சிதறிக் கிடக்கும் வெற்றுத் தோட்டாக் கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, எண்ணி, கணக்குக் காட்டி ஒப்படைத்தாக வேண்டும். பொறுக்குகின்றவர்கள் எண்ணிக்கையைக் கவனிப்பார்களேயன்றிக் கூட்டின் முகத்தைக் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு துப்பாக்கியின் நோயை அறிய விரும்புகின்றவனுக்கு, அதைப் பிரித்துப் போடுவதைவிட, அது உமிழ்ந்த கூட்டைப் புரட்டிப் பார்ப்பதே முதல் வேலை. மருந்து எழுதுமுன் வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

கூடு நசுங்கியோ, கிழிந்தோ, வெடித்தோ வந்தால் குற்றம் யாருடையது? துப்பாக்கியுடையது என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். பல வேளைகளில் அது சரியாகவே இருக்கும். எனினும் பித்தளையும் குற்றவாளியாக இருக்கலாம். தோட்டாவை அடுக்கி வைத்திருந்த இடமே குற்றவாளியாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது வகைக்கு உலகப் புகழ்பெற்ற சான்று நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. அதற்கு வருமுன் துப்பாக்கியின் பக்கத்தைப் பார்த்துவிடுவோம்.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் ஏந்தி நின்றது .303 துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் போல்ட்டைக் கையால் திருப்பி இழுத்தால்தான் வெற்றுக் கூடு வெளியே வரும். கை மெதுவாக இழுப்பதால் கூட்டுக்கு அதிகத் துன்பமில்லை. அப்போருக்குப் பின் பரவலாக வந்தது, வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர்.; அதாவது, தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. பெல்ஜிய நாட்டு எஃப்.ஏ.எல். துப்பாக்கியின் வழி வந்தது அது. 1990களில் இன்சாஸ் வரும்வரை நம் படையின் தலையாய ஆயுதமாக விளங்கியதும் அதுவே.

எஸ்.எல்.ஆரில் கைக்குப் பதிலாக வேலை செய்வது வாயு. குண்டு விநாடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு நீங்குகிறது. குழலுக்குள் அது இருக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூடுதல். அச்சிறு பொழுதில், குழலின் மேற்புறத்திலுள்ள சிறு துளை வழியே சிறிது வாயு பிரிந்து ஒரு பிஸ்டனைப் பின்னே தள்ளுகிறது. அது போல்ட்டின் பூட்டைத் திறந்து பின்னே ஓட்டுகிறது. போல்ட்டிலுள்ள சிறு கொக்கி கூட்டின் விளிம்பைப் பற்றி இழுக்க, எதிரேயுள்ள முளையில் கூடு மோதி, வலப்புறச் சாளரத்தின் வழியே வெளியே பறக்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது.

வாயு எவ்வளவு வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல். எஸ்.எல்.ஆரில் அதற்கு ஒரு ரெகுலேட்டர் உண்டு. வேண்டாத வாயுவை வெளியே விட்டுவிடும் திருகு வளையம் அது. சரியான முறை, அதை முழுவதும் திறந்து வைத்துத் தொடங்குவது. ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, சிறிது சிறிதாக மூடி, கூடு தவறாமல் வெளியேறும் நிலையைக் கண்டு, அதற்கு மேல் இரண்டு படி மட்டும் மூடி நிறுத்த வேண்டும். அழுக்கும் புழுதியும் சேரும்போது அந்த இரண்டு படிதான் கைகொடுக்கும். ஆனால், ‘பலம் அதிகமானால் நல்லதுதானே’ என்று முழுக்க மூடி வைப்போரும் உண்டு. பொறியிடம் அந்த நியாயம் செல்லாது. வாயு மிகுந்தால் போல்ட் வெறிகொண்டு பின்னே ஓடும். கூடு சாளரத்தின் விளிம்பில் அடிபட்டு, உடலின் நடுவே குழிந்து, நெடுந்தொலைவு போய் விழும். அறையின் சுவரைக் கூடு இன்னும் விடாமல் பற்றியிருக்கும்போதே கொக்கி இழுத்தால், விளிம்பு வளைந்து கிழியும்.

வாயு குறைந்தாலும் கூடு நசுங்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சோம்பலாகப் பின்னே சென்ற போல்ட், கூடு வெளியேறுமுன் திரும்பி வந்து, அதைச் சாளரத்தில் கடித்துக்கொள்ளும். அப்போது நசுங்குவது பெரும்பாலும் கூட்டின் வாய்ப்புறம். ஆகவே நசுக்கம் கண்டவுடன் ரெகுலேட்டரைத் திருகுவது கூடாது. நசுக்கம் எங்கே என்று பார்த்த பின்னரே எந்தப் பக்கம் திருகுவது என்று முடிவு செய்ய இயலும். அதற்கும் முன்பாக, அறையையும் வாயுத் துளையையும் துடைத்துவிட வேண்டும். கரி படிந்த துப்பாக்கியில் செய்யும் ஆராய்ச்சிக்கு மதிப்பில்லை.

மேலை நாடுகளில் குறி சுடுவோர் ஒரே கூட்டில் மீண்டும் மீண்டும் வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்துகின்றனர். அவர்களுக்கு நடுவுடல் குழியே ஒரு நட்டம். படைவீரனுக்கு அது பொருட்டில்லை. அவன் அஞ்ச வேண்டியது வேறொன்று: அடிப்பாகத்திற்குச் சற்று மேலே கூட்டைச் சுற்றி ஓடும் பளபளப்பான ஒரு வளையம். போல்ட்டுக்கும் அறைக்கும் இடையே இருக்க வேண்டிய அளவுக்கு மேல் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு வெடிப்பிலும் கூடு நீளவாக்கில் இழுபட்டு அவ்விடத்தில் மெலிகிறது. முற்றினால் கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெப்ப வாயு சுடுபவனை நோக்கிப் பீறிடவும் கூடும். இதற்கு ரெகுலேட்டரில் மருந்தில்லை. போல்ட்டைத் தாங்கும் எஃகுத் துண்டை வேறு கனமுள்ளதாக மாற்ற வேண்டும். அது பட்டறைக்காரரின் பணி.

இனிப் பித்தளையைப் பார்ப்போம். தோட்டாக் கூட்டுப் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். கூடு புடைத்து அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாதபடி அடைக்க வேண்டும். அடுத்த கணமே, அழுத்தம் தணிந்ததும், சுருங்கிச் சுவரை விட்டு விலகவும் வேண்டும். ஒட்டுவதற்கு மென்மை வேண்டும். விலகுவதற்கு விறைப்பு வேண்டும். ஆகையால் ஒரே கூட்டில் வாய்ப்புறம் மென்மையாகவும் அடிப்புறம் கடினமாகவும் பதம் செய்கிறார்கள். அடிப்புறம் மென்மையாகிப் போனால், புடைத்தது புடைத்தபடியே நின்று அறையில் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கியில் குறையே இல்லாதபோதும் விளிம்பு கிழியும்.

இந்தப் பதத்தின் இரகசியம் நம் ஊர்க் கன்னார் அறிந்ததுதான். குடம் அடிக்கும்போது, தட்டத் தட்டப் பித்தளை இறுகிக்கொண்டே போகும்; ஒரு கட்டத்தில் நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் பிளந்துவிடும். தோட்டாத் தொழிற்சாலையிலும் தட்டையான வில்லையைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைக் குழாயாக இழுத்து, இடையிடையே சூளையில் காய்ச்சி இளக்குகிறார்கள். இழுத்த இழுப்பு முழுவதும் தணியாமல் உலோகத்தினுள் தங்கிவிட்டால் அதற்கு எச்சத் தகைவு என்று பெயர். வெளியே பார்த்தால் கூடு மாசு மறுவற்றிருக்கும். உள்ளேயோ நாணேற்றிய வில்லைப் போல் விறைத்து நிற்கும்.

அந்த வில் நம் நாட்டில் முறிந்த கதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, ஒருமுறையும் சுடப்படாத தோட்டாக்களின் கூடுகள் வெடித்திருந்தன. சிறப்பாக, குண்டை இறுகப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில் கீறல்கள் ஓடின. மழைப் பருவத்தில் வருவதால் இதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயரிட்டனர். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. மழைமீதும் வெப்பத்தின்மீதும் பழி விழுந்தது. 1921ஆம் ஆண்டில்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரும் இதனைத் தெளிவாக்கினர். குற்றவாளி லாயத்துக் காற்றிலிருந்த அம்மோனியா!

தசராவின்போது நம் மைசூரில் அணிவகுக்கும் போலீஸ் குதிரைகளின் அருகே நின்றவர்கள், அல்லது எந்தக் குதிரை லாயத்தையும் கடந்து சென்றவர்கள், மூக்கைத் துளைக்கும் அந்த நெடியை அறிவார்கள். குதிரையின் சிறுநீர் சிதைந்து எழுவது அது. இரசாயன மாணவர்களுக்கோ இன்னும் நெருங்கிய பழக்கம் உண்டு. செம்பு உப்பின் கரைசலில் அம்மோனியாவை ஊற்றினால் ஆழ்ந்த நீலம் தோன்றுகிறதல்லவா? செம்பை அம்மோனியா அவ்வளவு விரும்பிப் பற்றிக்கொள்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் துணை நிற்க, அது பித்தளையின் படிக மணிகளுக்கு இடையேயுள்ள எல்லைகளை அரிக்கிறது. உள்ளே விறைத்து நிற்கும் தகைவு அந்த அரிப்பைப் பிளவாகத் திறக்கிறது. தகைவு இல்லாத கூடு அதே லாயத்தில் பிழைத்திருக்கும். தகைவுள்ள கூடு அம்மோனியா இல்லாத அறையில் பிழைத்திருக்கும். இரண்டும் சேர்ந்ததே கேடு. இத்தகைய கூட்டை அறையிலிட்டுச் சுட்டுக் கழுத்துப் பிளந்து வந்தால், ஆயிரம் முறை ரெகுலேட்டரைத் திருகினாலும் பயன் என்ன?

துத்தநாகத்தை நூற்றுக்கு 15 பங்குக்குக் கீழே குறைத்தால் இந்நோய் ஏறத்தாழ அண்டாது. ஆனால் தோட்டாவுக்கு வேண்டிய வலிமையும் குறையும். ஆகவே பித்தளையை மாற்றாமல் அதன் தகைவைப் போக்கினர். உலோகம் இளகிவிடாத அளவான சூட்டில், 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரை, சிறிது நேரம் வைத்தால் தகைவு பெரிதும் தணிகிறது. தணிந்ததா என்று அறிய, மாதிரிக் கூட்டை மெர்க்குரஸ் நைட்ரேட் கரைசலில் அமிழ்த்திப் பார்ப்பார்கள். தகைவு எஞ்சியிருந்தால், மாதக்கணக்கில் லாயம் செய்ததைப் பாதரசம் சில நிமிடங்களில் செய்து காட்டிவிடும்.

கழுத்தையும் தோளையும் மட்டும் தனியே தீச்சுடரில் காட்டி இளக்கும் வழக்கமும் உண்டு. இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் வாயை அடுத்து, நீலமும் செம்பழுப்பும் கலந்த ஒரு நிறத்தை மெருகிடாமல் அப்படியே விட்டிருப்பார்கள். அடுத்த முறை திடலில் கூடு பொறுக்கும் நண்பர்கள் அதைக் கறையென்று எண்ண வேண்டாம். அது சுடர் பட்ட அடையாளம்.