போட்டியாளருக்கும் ஒரு வணக்கம்



கடைத்தெருவில் போட்டி இருக்கத்தான் செய்யும். போட்டி பகையாக மாறி, எதிர்க் கடைக்காரர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலை வந்துவிட்டால், நஷ்டம் இரண்டு கல்லாவுக்கும்தான். நாடுகளுக்கும் இதே விதிதான். ஒரு கைகுலுக்கலை மறுத்ததும், பின்பு அதே கையை நீட்டியதும் இரு பெரிய நாடுகளை என்ன செய்தன என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மறுக்கப்பட்ட கை

1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் அமெரிக்கப் படையும் சீனப் படையும் நேருக்கு நேர் மோதின. போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1954இல், ஜெனீவாவில் கொரியா, இந்தோசீனா பற்றிய மாநாடு கூடியது. சீனாவின் சார்பில் பிரதமர் சூ என்லாய் வந்தார். அமெரிக்காவின் சார்பில் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் வந்தார். சூ என்லாயுடன் கைகுலுக்க டல்லஸ் மறுத்தார். அந்த அவமதிப்பு சூ என்லாயின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்ததாக, பின்னாளில் அமெரிக்க அதிபராக இருந்த நிக்சனே எழுதியிருக்கிறார்.

இரு நாடுகளும் ஒரேயடியாகப் பேசாமல் இருந்துவிடவில்லை. 1955 முதல் 1970 வரை அவர்களுடைய தூதர்கள் ஜெனீவாவிலும் வார்சாவிலும் 136 முறை சந்தித்தார்கள். பேச்சு நடந்தது, ஆனால் மரியாதை இல்லாத இடத்தில் பேச்சு நகரவில்லை. 1950இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடை இருபது ஆண்டு நீடித்தது. அங்குள்ள வியாபாரியும் இங்குள்ள வியாபாரியும் சரக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை.

பேருந்தில் கிடைத்த பட்டுத் துணி

கதவு திறந்தது ஒரு மேசைப்பந்து ஆட்டக்காரரால். 1971 ஏப்ரலில் ஜப்பானின் நகோயா நகரில் உலகப் போட்டி நடந்தது. கிளென் கோவன் என்ற அமெரிக்க இளைஞர் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். சீன ஆட்டக்காரர்கள் அவரிடம் பேசத் தயங்கினார்கள். மூன்று முறை உலகச் சாம்பியனான சுவாங் சேதுங் எழுந்து வந்து, சீன மலை ஒன்றின் படம் போட்ட பட்டுத் துணியை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். மறுநாள் கோவன் பதிலுக்கு ஒரு சட்டையைக் கொடுத்தார். சில நாட்களில் அமெரிக்க அணிக்குச் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. அதே ஏப்ரல் மாதம் வணிகத் தடையைத் தளர்த்துவதாக நிக்சன் அறிவித்தார்.

துணியும் சட்டையும் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. 1969இல் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் எல்லையில் சண்டை மூண்டிருந்தது. அமெரிக்காவோ வியட்நாம் போரிலிருந்து வெளிவர வழி தேடியது. இருவருக்கும் தேவை இருந்தது. தேவை இருந்தும், யார் முதலில் இறங்கி வருவது என்ற தயக்கமே தடையாக நின்றது. அந்தத் தயக்கத்தைத்தான் அந்தச் சிறு மரியாதை உடைத்தது.

விமானப் படிக்கட்டில்

1972 பிப்ரவரி 21ஆம் நாள் நிக்சன் பீக்கிங் விமான நிலையத்தில் இறங்கினார். பழைய அவமதிப்பு அவருக்குத் தெரியும். அதனால் படிக்கட்டில் இறங்கும்போதே கையை நீட்டிக்கொண்டு சூ என்லாயிடம் போனார். அந்தக் காட்சியில் வேறு யாரும் குறுக்கே வரக்கூடாது என்று, அமைச்சர்களும் அதிகாரிகளும் விமானத்துக்குள்ளேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அன்று இரவு விருந்தில் சீன ராணுவ வாத்தியக் குழு அமெரிக்கப் பாட்டுகளை வாசித்தது. நிக்சன் குச்சிகளால் எடுத்துச் சாப்பிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முன்பு கையை மறுத்தது அமெரிக்கத் தரப்பு. இப்போது முதலில் கையை நீட்டியதும் அதே தரப்பு. எந்தப் பக்கம் மனம் புண்படுத்தியதோ, அந்தப் பக்கம்தான் ஓர் அடி முன்னால் வர வேண்டும். வசதியில் பெரியவர் இறங்கி வந்தால் அவர் சிறுத்துப் போவதில்லை.

மரியாதை வேறு, விட்டுக்கொடுப்பு வேறு

கை கொடுத்ததால் கொள்கையை விட்டுக்கொடுத்தார்களா? இல்லை. பிப்ரவரி 28ஆம் நாள் ஷாங்காயில் வெளியிட்ட கூட்டறிக்கையில், அமெரிக்கா தன் நிலையைத் தனியாகவும் சீனா தன் நிலையைத் தனியாகவும் எழுதின. தைவான் போன்ற விஷயங்களில் இருந்த வேறுபாட்டை மூடி மறைக்கவில்லை. முழு தூதரக உறவு ஏற்பட 1979 ஜனவரி 1 வரை ஆயிற்று. ஆனாலும் 1972இல் பத்துக் கோடி டாலரைக்கூட எட்டாதிருந்த இரு நாட்டு வணிகம், 1979இல் இருநூறு கோடி டாலரைத் தாண்டியது.

கை கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2002 ஜனவரியில் காத்மாண்டு சார்க் மாநாட்டில், பாகிஸ்தானின் முஷாரஃப் தம் பேச்சை முடித்ததும் நேரே நடந்து வந்து நம் பிரதமர் வாஜ்பாயிடம் கையை நீட்டினார். வாஜ்பாய் எழுந்து கை கொடுத்தார். ஆனால் அதற்கேற்ற செயல் தொடர வேண்டும் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அந்த ஆண்டு முழுவதும் எல்லையில் பதற்றம் தணியவில்லை. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகே நிலைமை சற்று மாறியது.

நமக்கு என்ன பாடம்?

நாம் மண்டி நடத்திய இத்தனை ஆண்டுகளில் அடிக்கடி கண்டது இது. இரண்டு மொத்த வியாபாரிகள் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு சில்லறைக் கடைக்காரர் முதல் மண்டியில் பாக்கியை நிறுத்திவிட்டு, இரண்டாவது மண்டியில் புதுக் கணக்குத் தொடங்குவார். அங்கும் பாக்கி ஏறும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மிஞ்சியிருக்கும் பணம், இரண்டு பேரேட்டிலும் வாராக் கடனாக நிற்கும். அரை லோடு மிளகாய் போதும் என்றிருக்கும் இருவர் ஒரே லாரியில் இறக்கினால் வாடகை பாதி. பேச்சு இல்லாததால் இருவரும் முழு வாடகை கொடுப்பார்கள். இதற்கிடையே பெரிய அங்காடிகளும், கைபேசியில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே சரக்கு அனுப்பும் கம்பெனிகளும் நம் வாடிக்கையாளரைக் கொண்டு போகின்றன.

ஆகவே உறுப்பினர்கள் கடைப்பிடிக்கச் சில:

1. எதிர்க் கடைக்காரரைக் கண்டால் "வாங்க அண்ணாச்சி, வியாபாரம் எப்படி?" என்று கேளுங்கள். காசு செலவில்லை.

2. வாடிக்கையாளர் முன்னிலையில் அடுத்த கடைச் சரக்கைக் குறை சொல்லாதீர்கள்.

3. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நேரில் போங்கள். உங்கள் வீட்டுத் திருமண அழைப்பைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள்.

4. சரக்கு தீர்ந்தால் ஒரு மூட்டை கைமாற்று கேளுங்கள். சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். மரியாதையைச் செயலில் காட்டுவது அதுதான்.

5. வேறுபாடு இருந்தால் சங்கத்தில் இரு தரப்பையும் எழுதி வைத்துப் பேசுங்கள். ஒத்துப்போகும் விஷயத்தை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

6. நட்பு என்றால் விலையைச் சேர்ந்து ஏற்றுவது என்று பொருள் இல்லை. அது வாங்குபவருக்குத் துரோகம், சட்டத்துக்கும் விரோதம். விலையில் போட்டி இருக்கட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் நாம் பேசாமல் இருக்கும் ஒருவர் எதிரே வரக்கூடும். பிணக்கு யாரால் வந்தது என்பது நம் மனத்துக்குத் தெரியும். நம்மால் என்றால், முதல் வணக்கம் நம்முடையதாக இருக்கட்டும். அவரால் என்றால், அவர் கும்பிடும்போது முகத்தைத் திருப்பாமல் இருப்போம்.