துயரத்திற்கு விலையில்லை, இழப்பிற்குக் கணக்குண்டு
விபத்து இழப்பீட்டுச் சட்டம் குறித்து வாடிக்கையாளர்கள் அறிய வேண்டியவை

சாலை விபத்தொன்றில் குடும்பத்தைத் தாங்கி நின்றவர் மறைந்துவிட்டால், அந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதன்று. ஆயினும் சில வாரங்களுக்குள் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் வாசலில் வந்து நிற்கின்றன. வழக்குத் தொடுத்தால் எவ்வளவு கிடைக்கும், பட்ட மனவேதனைக்கு ஈடு உண்டா என்னும் கேள்விகள் அப்போதுதான் பிறக்கின்றன. பிள்ளையைப் போல் வளர்த்த நாயையோ, வருவாய் தந்த கறவை மாட்டையோ இழந்தவர்களும் இதே கேள்வியைக் கேட்கின்றனர். இவற்றிற்கு நம் நாட்டுச் சட்டம் தரும் விடையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எங்கே முறையிடுவது?

மோட்டார் வாகன விபத்துகளுக்கான இழப்பீட்டை வழங்குவது, 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் அமைந்த விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நிகழ்ந்த இடத்தில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் தீர்ப்பாயத்தையும் நாடலாம். எதிர்த்தரப்பினர் வசிக்கும் ஊரிலும் நாடலாம். புனேயில் பணிபுரிந்த மகன் கர்நாடக நெடுஞ்சாலையில் உயிரிழந்தால், மதுரையில் வாழும் பெற்றோர் மதுரையிலேயே மனுச் செய்ய முடியும். பிற மாநிலங்களில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

வழிகள் இரண்டு. 164 ஆம் பிரிவின்கீழ், ஓட்டுநரின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே உயிரிழப்பிற்கு 5 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாயும் பெறலாம். 166 ஆம் பிரிவின்கீழ் ஓட்டுநரின் கவனக்குறைவை நிறுவினால், உண்மையான இழப்பு முழுவதையும் கோரலாம். 164 ஆம் பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டவரின் 166 ஆம் பிரிவு மனு அற்றுப்போகும். ஆகவே, அவசரத் தேவையை முன்னிட்டுக் கையெழுத்திடும் முன்னர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், விபத்து நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது.

மோதிய வாகனம் எதுவெனத் தெரியாத நிலையிலும் வழியுண்டு. 2022 ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி உயிரிழப்பிற்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இதற்கு வருவாய்த் துறை அலுவலரான உரிமைகோரல் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்கு எவ்வாறு போடப்படுகிறது?

இழப்பீடு நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்கென வாய்பாடு ஒன்று உண்டு. உச்சநீதிமன்றம் 2009 இல் சரளா வர்மா வழக்கிலும், 2017 இல் பிரணய் சேத்தி வழக்கிலும் அதனை வகுத்தளித்தது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

தையற்கடை நடத்திவந்த 35 வயதினர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டதாகக் கொள்வோம். மாத வருமானம் 24,000 ரூபாய். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர்.

முதற்படி: உயிரோடிருந்தால் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக ஒரு பங்கு கூட்டப்படும். சுயதொழில் செய்வோருக்கு 40 வயதுக்குக் கீழ் 40 விழுக்காடு. ஆகவே 33,600 ரூபாய். நிரந்தரப் பணியில் இருந்தவர் எனில் இப்பங்கு 50 விழுக்காடாகும்.

இரண்டாம் படி: இறந்தவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய தொகை கழிக்கப்படும். சார்ந்தோர் நால்வர் முதல் அறுவர் வரை எனில் நான்கில் ஒரு பங்கு. மீதி 25,200 ரூபாய். ஆண்டிற்கு 3,02,400 ரூபாய்.

மூன்றாம் படி: வயதிற்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. ஆக, 48,38,400 ரூபாய்.

நான்காம் படி: ஈமச்சடங்கிற்கு 15,000, உடைமை வகை இழப்பிற்கு 15,000, உறவின் துணையை இழந்தமைக்கு 40,000 என 2017 இல் தொகைகள் நிலைப்படுத்தப்பட்டன. மூன்றாண்டுக்கு ஒருமுறை இவற்றைப் பத்து விழுக்காடு உயர்த்தவும் உச்சநீதிமன்றம் பணித்தது.

மனவேதனைக்கு எவ்வளவு?

மேற்கண்ட நான்காம் படியில்தான் துயரம் கணக்கினுள் நுழைகிறது. கணவனை இழந்த மனைவிக்கு மட்டுமன்றி, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் இவ்வுரிமை உண்டு என 2018 இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நம் எடுத்துக்காட்டில் நால்வருக்கும் சேர்த்து 1,60,000 ரூபாய். உயர்வுகளைச் சேர்க்காமல் பார்த்தால், மொத்த இழப்பீடாகிய 50,28,400 ரூபாயில் இது ஏறத்தாழ மூன்று விழுக்காடே.

இது கேட்போர் மனத்தை உறுத்தும். ஒரு தாயின் கண்ணீருக்கு நாற்பதாயிரமா என்று தோன்றும். சட்டம் துயரத்தை அளக்க முற்படவில்லை. அளக்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு, அனைவருக்கும் ஒரே தொகையை வைத்திருக்கிறது. கூண்டில் நின்று எவ்வளவு அழுதாலும் அத்தொகை கூடாது. அழாமல் நின்றாலும் குறையாது.

கூடுவதும் குறைவதும் வருமானத்தில்தான். அந்தத் தையற்கடைக்காரரின் வருமானத்திற்கு எழுத்துச் சான்று இல்லையெனில், தீர்ப்பாயம் ஓர் உத்தேசத் தொகையைக் கொள்ளும். அது மாதம் 12,000 ரூபாய் என அமைந்தால், 48 இலட்சம் 24 இலட்சமாகச் சுருங்கிவிடும். கடையின் வரவுகளை வங்கிக் கணக்கின் வழியே கொண்டுவந்திருந்தால், அவ்வேடே சான்றாக நின்றிருக்கும். வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை, கடன் விண்ணப்பத்துடன் அளித்த வருமான விவரம் ஆகியவை குடும்பத்தின் பிற்காலப் பாதுகாப்பு என்று நாம் வலியுறுத்துவது இதனாலேயே.

இல்லத்தரசியரின் உழைப்பிற்கும் மதிப்புண்டு. ஊதியம் பெறாத காரணத்தால் அவர்தம் உயிரிழப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது என்றும், உத்தேச வருமானம் கொண்டு கணக்கிட வேண்டும் என்றும் 2021 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்சநீதிமன்றம் எடுத்துரைத்தது.

காயமுற்றோர் நிலை

உயிர் பிழைத்தவர் வழக்கில் வேதனைக்கான இடம் சற்று விரிவானது. மருத்துவச் செலவு, இழந்த ஊதியம், எதிர்காலச் சிகிச்சை ஆகியவற்றோடு, வலியும் துன்பமும் ஒரு தலைப்பு. வாழ்வின் இன்பங்களை இழத்தல் மற்றொன்று. ஆயுள் குறைதல் பிறிதொன்று. முற்றிலும் செயலிழந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, வலியும் துன்பமும் என்ற வகையில் மட்டும் 15 இலட்சம் ரூபாயை 2020 இல் உச்சநீதிமன்றம் வழங்கியது.

மருத்துவர் தரும் ஊன விழுக்காடும், தொழிலில் நேரும் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்பதையும் அறிதல் வேண்டும். ஒரு கையை இழந்த தச்சர் தொழிலையே இழக்கிறார். அதே கையை இழந்த எழுத்தர் பணியில் தொடரக்கூடும். ஆகவே மருத்துவச் சான்றோடு, தம் தொழிலின் தன்மையை விளக்கும் சான்றுகளையும் முன்வைத்தல் வேண்டும்.

வளர்ப்புப் பிராணிகளை இழந்தால்

இங்கே சட்டத்தின் பார்வை மாறுகிறது. நாயும் பூனையும் பசுவும் சட்டத்தின் கண்ணில் உரிமையாளரின் உடைமைகள். மனிதரின் உயிருக்கும் உடலுக்கும் ஊறு விளைவிப்பதைக் குறித்த பிரிவுகளை, நாய் அடிபட்டு இறந்த நிகழ்விற்குப் பொருத்த முடியாது என 2022 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் கூறியது. வேண்டுமென்றே பிராணியைக் கொல்வதோ ஊனப்படுத்துவதோ பாரதிய நியாயச் சட்டத்தின் 325 ஆம் பிரிவின்கீழ்க் குற்றமே. ஆனால் அது தண்டனைக்கான வழி, இழப்பீட்டிற்கான வழியன்று.

வாகனம் மோதிப் பிராணி இறந்தால், மூன்றாம் நபரின் உடைமைக்கு நேர்ந்த சேதமாகத் தீர்ப்பாயத்தில் ஈடு கோரலாம். கறவை மாட்டிற்கு அதன் சந்தை விலையும் பால் வருமானமும் கணக்கில் வரும். செல்ல நாய்க்கு வாங்கிய விலையும் சிகிச்சைச் செலவும் வரும். அதன் பிரிவால் வீட்டார் பட்ட துயரத்திற்கு, மனித உயிரிழப்பிற்கு உள்ளதுபோல் நிலைப்படுத்தப்பட்ட தொகை ஏதுமில்லை.

கட்டணம் பெற்றுக்கொண்டு செய்யப்படும் சேவையில் குறை நேர்ந்தால் நிலைமை வேறு. தனியார் கால்நடை மருத்துவரின் கவனக்குறைவு, காப்பகத்தின் அலட்சியம், கொண்டுசெல்லும் நிறுவனத்தின் பொறுப்பின்மை ஆகியவற்றால் பிராணியை இழந்தவர், 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். இரண்டாண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். செலுத்திய கட்டணம் 5 இலட்சம் ரூபாய் வரை எனில் புகார்க் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்கென்று தனித்தொகை வழங்குவது வழக்கமே. ஆனால் சேவையில் குறை இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் புகார்தாரர். சிகிச்சைச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை, பணம் செலுத்திய ரசீது, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவை இல்லாமல் அது கைகூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வங்கிக் கடனில் வாங்கிய மாடுகளுக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்கும். காதுவில்லை இல்லையேல் காப்பீட்டுத் தொகை கிடைப்பது அரிது. வில்லை கழன்று விழுந்தால் உடனே தெரிவித்து வேறு வில்லை பொருத்திக்கொள்ள வேண்டும்.

விபத்து நேர்ந்ததும் செய்ய வேண்டியவை

• காவல்நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெற்றுக்கொள்க. 2022 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, காவல் துறை 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கு அளிக்க வேண்டும். அவை அனுப்பப்பட்டனவா என்று கேட்டறிக.

• வாகன எண், காப்பீட்டு விவரம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

• மருந்துச் சீட்டு முதல் வாடகை வண்டி ரசீது வரை எதனையும் எறிந்துவிடாதீர்கள்.

• பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

• இறந்தவரின் வங்கிக் கணக்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்திற்கான 20 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க. இருப்பின், 2 இலட்சம் ரூபாய் தனியே கிடைக்கும். ஆயுள் காப்பீட்டுத் தொகை வந்ததைக் காட்டி விபத்து இழப்பீட்டைக் குறைக்க இயலாது என்பது 1998 முதல் நிலைபெற்ற தீர்ப்பு.

தொகை கிடைத்த பின்னர்

வழக்கில் வென்ற குடும்பங்கள் பணத்தை இழப்பதும் உண்டு. கைக்கு வந்த பெருந்தொகையைக் கேட்டு உறவினரும் இடைத்தரகரும் சூழ்ந்துகொள்வர். இதனை உணர்ந்தே, சிறாரின் பங்கை அவர்கள் வயதுக்கு வரும்வரை நிரந்தர வைப்பில் இட வேண்டும் என 1993 இல் உச்சநீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. தொகையைப் பகுத்து மாதந்தோறும் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கும் ஆண்டுத்தொகை வைப்புத் திட்டமும் வங்கிகளில் உள்ளது. நீதிமன்ற அனுமதியின்றி இவ்வைப்புகளின்மீது கடன் பெறவோ, முன்கூட்டியே முடிக்கவோ இயலாது. இது தடையன்று, இறந்தவர் உயிரோடிருந்தால் மாதந்தோறும் வீட்டிற்குக் கொண்டுவந்திருப்பதை, அவர் இடத்தில் நின்று கொண்டுவந்து தரும் ஏற்பாடு.

வெற்றுக் காசோலையிலும் எழுதப்படாத தாளிலும் எவருக்காகவும் கையெழுத்திடாதீர்கள். கணக்குப் புத்தகத்தைப் பிறரிடம் ஒப்படைக்காதீர்கள். ஐயம் எழுந்தால் கிளை மேலாளரை நேரில் அணுகுங்கள்.

இழந்தவரை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. ஆனால் அவர் உழைப்பின் மதிப்பை உரிய முறையில் நிறுவிப் பெறுவது, எஞ்சியிருப்போரின் உரிமை. அதற்கு வேண்டிய ஏடுகளை இன்றே ஒரு கோப்பில் தொகுத்து, அது இருக்குமிடத்தைக் குடும்பத்தில் இன்னொருவரும் அறியச் செய்யுங்கள்.