பழைய கணினி தோற்குமா?

கேள்வி: நிரல் எழுதும் போட்டிகளில் பழைய கணினி வைத்திருப்பவருக்குப் பாதகம் உண்டா? (வாசகர், பெங்களூரு)

பதில்: போட்டியாளரின் கணினியிலேயே நிரல் ஓடினால் பாதகம் உண்டு. கூகுள் கோட் ஜாம் 2017 வரை அப்படித்தான் நடந்தது. பெரிய தரவுக்கு 8 நிமிடம்தான் கெடு. 2018 முதல் நிரல்கள் கூகுளின் சர்வரில் ஓடின. 2009-இல் தொடங்கி, 2020-இல் பெங்களூரின் அன்அகாடமி வாங்கிய கோட்செஃப் தளத்திலும் எல்லோருடைய நிரலையும் சர்வரே ஓட்டி நேரம் அளக்கிறது.

அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது வழிமுறைதான். ஒரு லட்சம் எண்களை வரிசைப்படுத்த, ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிட்டால் சுமார் 500 கோடி ஒப்பீடுகள். பாதி பாதியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி இணைத்தால் 17 லட்சத்துக்குள் முடியும். கணினியின் வேகம் இரட்டிப்பானாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

எழுதிச் சோதித்துப் பார்க்கும் வசதியில் மட்டும் ஏற்றத்தாழ்வு மிஞ்சுகிறது. அதைக் குறைக்க, போட்டி நேரங்களில் கல்லூரிகள் தங்கள் கணினி ஆய்வகங்களைத் திறந்து வைக்க வேண்டும்.