பள்ளிவாசல் கட்டுவோர் கவனத்திற்கு

எங்கள் கீரனூர்ப் பக்கத்தில் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் பேச்செடுத்தால், "மனாரா எத்தனை அடி?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. பக்கத்து ஊர் மனாராவை விட நம்முடையது உயர வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பள்ளிகளைக் கொண்டு மக்கள் ஒருவருக்கொருவர் பெருமையடிப்பது கியாமத்தின் அடையாளங்களில் ஒன்றென நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மதீனாவில் அவர்கள் எழுப்பிய பள்ளிக்குப் பேரீச்ச மரமே தூண். அதன் ஓலையே கூரை.

முஸ்லிம்களின் கட்டடங்களுக்குப் பரிசளிக்கும் ஏற்பாடும் இன்று உலகில் உண்டு. இஸ்மாயீலிகளின் தலைவராயிருந்த நான்காம் ஆகா கான் 1977-இல் நிறுவிய கட்டடக்கலைப் பரிசு அது. மூன்றாண்டுக்கொருமுறை வழங்கப்படுகிறது, தொகை 10 இலட்சம் டாலர். பரிசு பெற்றதைப் பார்த்துப் பிறரும் வரைபடம் போடுவது இயல்பு. ஆகவே அது எதைப் பாராட்டுகிறது என்பதை நாமும் கவனிக்க வேண்டும்.

1986-இல் பாகிஸ்தானின் போங் பள்ளிக்குப் பரிசு கிடைத்தது. கண்ணைப் பறிக்கும் அலங்காரம் நிறைந்த பள்ளி அது. 2016-இல் டாக்காவின் பைத்துர் ரவூஃப் பள்ளிக்குக் கிடைத்தது. மரீனா தபஸ்ஸும் என்ற பெண்மணி, தம் பாட்டியார் கொடுத்த நிலத்தில் அமைத்த செங்கற்பள்ளி. அதற்குக் கும்மட்டமில்லை, மனாராவுமில்லை. கூரைத் துளைகளின் வழியே வெளிச்சம் இறங்குகிறது; செங்கல் இடைவெளிகளில் காற்று வருகிறது.

இதைக் கண்டு சிலர், "இதுவும் பள்ளியா?" என்கிறார்கள். கும்மட்டமும் மனாராவும் தொழுகையின் ஷர்த்துகள் அல்லவே! கீழக்கரையின் பழைய கற்பள்ளியில் இந்நாட்டுச் சிற்பிகள் செதுக்கிய தூண்கள்தாமே நிற்கின்றன!

2013-இல் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இலங்கையின் கிரிந்தையும் இருந்தது. 2004 சுனாமியில் வீடிழந்த முஸ்லிம் மீனவர்களுக்கு ஜப்பானியர் ஷிகெரு பான் அமைத்த வீடுகள் அவை. மண்கட்டிச் சுவர், உள்ளூர் ரப்பர் மரத்தில் தடுப்புகள். வீட்டாரிடம் கேட்டே கட்டினார். விருந்தாளி வந்தால் பெண்கள் ஒதுங்கிக்கொள்ளவும் வசதி வைத்தார். பர்தாவைப் பேணும் வீடு எப்படியிருக்க வேண்டுமென்பதை, அதில் வாழ்வோரைக் கேட்டு அவர் அறிந்துகொண்டார்.

அன்பர்களே! நாமும் கேட்போம். கிப்லா சரியாக அமைகிறதா? ஒளூச் செய்யும் இடத்தில் முதியவர் வழுக்காமல் நிற்க முடியுமா? சித்திரை வெயிலில் ளுஹருக்கு வருபவர் நிம்மதியாய்த் தொழ முடியுமா? இவற்றுக்குப் பிறகு பணம் மிஞ்சினால் மனாராவைப் பற்றிப் பேசலாம்.

அல்லாஹ்வுக்காகப் பள்ளி கட்டியவருக்குச் சுவனத்தில் வீடு உண்டு என்பது நபிமொழி தரும் நற்செய்தி. அதனினும் பெரிய பரிசு எது? அந்த நிய்யத்தை நமக்கு அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.